வந்து சேர்ந்ததா? – கோப்புப் பரிமாற்றம் சேதி சொன்ன வரலாறு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, வழக்கம்போல் பக்தி இலக்கியத்தில் ஏதாவது எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அவர் விடவில்லை. "சார், இலக்கியக் கட்டுரை ஏற்கெனவே ஏழு வந்தாச்சு. நீங்க முப்பது வருஷம் கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டினவர். அதைப் பத்தி எழுதுங்களேன்" என்றார். குப்பை கொட்டியது உண்மைதான். அந்தக் குப்பையில் ஒரு சின்னக் குச்சியை எடுத்து அதன் வரலாற்றைச் சொல்லலாம் என்று துணிந்தேன். குச்சி என்று சொன்னது சும்மா இல்லை. கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ எதையாவது இறக்கும்போது இடமிருந்து வலமாக மெல்ல நிரம்புமே, அந்தப் பட்டையைத்தான் சொல்கிறேன். 'முன்னேற்றப் பட்டை' என்று தமிழில் சொல்கிறார்கள். பக்கத்தில் 37 சதவீதம், இன்னும் 12 நிமிடம் என்று கணக்கும் காட்டும்.

அதற்குப் பெரிய வரலாறு உண்டு. எனக்கும் அதற்கும் ஒரு பழைய கணக்கும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

மணியார்டர் கற்றுக்கொடுத்த பாடம்

1982-ல் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான் பம்பாய்க்கு வந்தேன். மாட்டுங்காவில் நான்கு பேர் சேர்ந்து ஒரே அறை. மாதச் சம்பளம் வந்ததும் முதல் வேலை, தபால் நிலையத்தில் வரிசையில் நின்று அப்பாவுக்கு மணியார்டர் அனுப்புவது. ஜன்னலில் பணத்தைக் கட்டியதும் ஒரு ரசீது தருவார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அப்பாவின் கையெழுத்தோடு ஒப்புதல் சீட்டு திரும்பி வரும்.

அந்தச் சீட்டு வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. அறைத் தோழர் ஒருவர் கேலி செய்வார்: "கையில ரசீது இருக்கே, அப்புறம் என்னய்யா கவலை?" நான் சொல்வேன்: "இது போஸ்ட் ஆபீஸ்காரங்க வாங்கிக்கிட்டதுக்கு ரசீது. அப்பா வாங்கிக்கிட்டதுக்கு இல்லையே."

எவ்வளவு சுலபமான விஷயம் பாருங்கள்! 'நான் கொடுத்துவிட்டேன்' என்பது வேறு, 'அவர் பெற்றுக்கொண்டார்' என்பது வேறு. 25 வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்த இந்தப் பாடத்தை 40 வயதில், படித்து வேலை பார்த்து அனுபவப்பட்ட பிறகு, மறந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வரலாறு.

நின்று வாங்குவதும் வைத்துவிட்டுப் போவதும்

கோப்புப் பரிமாற்றம் என்பது ஒரு கணிப்பொறியில் உள்ள கோப்பை இன்னொரு கணிப்பொறிக்குக் கொண்டு போவது. இதில் இரண்டு வகை உண்டு. நம் ஊரில் எல்லாரும் சக்கிக்குப் போய் கோதுமை அரைத்தவர்கள்தானே. டப்பாவைக் கொடுத்துவிட்டு, மாவு வரும்வரை அங்கேயே நிற்கலாம். அது ஒரு வகை. டப்பாவை வைத்துவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் கணிப்பொறிக்காரர்கள் 'ஒத்திசைவற்ற' வேலை என்கிறார்கள். வேலை ஒரு பக்கம் பின்னணியில் ஓடும், நாம் நம் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கலாம்.

நின்று வாங்கினால் எவ்வளவு அரைந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். வைத்துவிட்டுப் போனால், யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். ஆகவே ஒத்திசைவற்ற முறை வந்ததிலிருந்தே 'சேதி சொல்வது' என்பது தனி வேலையாகிவிட்டது. இந்தக் கட்டுரை அந்தச் சேதியைப் பற்றியது.

ஒரு இந்தியர் போட்ட பிள்ளையார் சுழி

நமக்குப் பெருமையான ஒரு செய்தி. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் கோப்புகளை அனுப்புவதற்கான எஃப்.டி.பி. என்ற நெறிமுறையின் முதல் வரைவை எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் 1965-ல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர். 1971 ஏப்ரலில் அவர் எழுதிய ஆவணம் 'ஆர்.எஃப்.சி. 114' என்ற எண்ணில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அந்தக் காலத்து நெறிமுறையில் 'கோப்பின் மொத்த அளவு என்ன?' என்று கேட்க ஒரு கட்டளை இல்லை. அனுப்பு என்றால் அனுப்பும், முடிந்தால் முடிந்தது என்று சொல்லும். அளவு கேட்கும் கட்டளையைப் பல மென்பொருள்கள் பிற்பாடு தாமாகவே சேர்த்துக்கொண்டன. அது முறையான தரமாக எழுதப்பட்டது 2007-ல்தான்!

மொத்தம் தெரியாமல் சதவீதம் எப்படிச் சொல்வது? முடியாது. அதனால் யூனிக்ஸ் கணிப்பொறிகளில் இருந்த எஃப்.டி.பி. நிரலில் ஓர் எளிய ஏற்பாடு செய்தார்கள். 'ஹாஷ்' என்று தட்டினால், ஒவ்வொரு 1024 பைட்டுக்கும் திரையில் ஒரு '#' குறி விழும். வரிசையாகக் குறி விழுந்துகொண்டே இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நின்றுவிட்டால் லைன் போச்சு என்று அர்த்தம். எவ்வளவு பாக்கி என்று மட்டும் அதற்குத் தெரியாது. பால்காரர் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார்களே, அதே சங்கதிதான்.

மோடம் காலம்

வீட்டுக் கணிப்பொறிகள் வந்தபோது தொலைபேசிக் கம்பி வழியே கோப்பு அனுப்ப வேண்டி வந்தது. 1977-ல் சிகாகோவைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்டென்சன் எழுதியது எக்ஸ்மோடம். கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாக அனுப்பும். துண்டு சரியாக வந்தால் பெறுபவர் 'சரி' என்று ஓர் எழுத்தைத் திருப்பி அனுப்புவார். கெட்டு வந்தால் 'மறுபடி அனுப்பு' என்று வேறோர் எழுத்து. 'சரி' வந்த பிறகுதான் அடுத்த துண்டு புறப்படும். மணியார்டர் ஒப்புதல் சீட்டு மாதிரிதான். ஒவ்வொரு 128 பைட்டுக்கும் ஒரு கையெழுத்து!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.44 மெகாபைட் பிளாப்பி ஒன்றில் இருப்பது 14,74,560 பைட். அதில் 128 பைட் துண்டுகள் 11,520. வினாடிக்கு 2,400 பிட் அனுப்பும் மோடத்தில், ஒரு பைட்டுக்கு 10 பிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிளாப்பி போய்ச் சேர ஒரு மணி 42 நிமிடம் ஆகும். 'சரி'க்காகக் காத்திருக்கும் நேரம் தனி. அத்தனை நேரமும் திரையில் துண்டு எண் ஏறிக்கொண்டே போகும். 4,812... 4,813... மொத்தம் எத்தனை துண்டு என்று மட்டும் எக்ஸ்மோடத்துக்குத் தெரியாது. கடைசித் துண்டில் இடம் மிஞ்சினால் வெற்று எழுத்துகளால் நிரப்பி அனுப்பும். ஆக, வந்து சேர்ந்த பிறகும் கோப்பின் சரியான அளவு தெரியாது.

இதைத் தீர்த்தவர் சக் ஃபோர்ஸ்பர்க். 1985-ல் அவர் கொண்டுவந்த ஒய்மோடம், முதல் துண்டுக்கும் முன்னால் 'பூஜ்யம்' என்று எண்ணிட்ட ஒரு துண்டை அனுப்பியது. அதில் கோப்பின் பெயரும் அளவும் இருக்கும். கல்யாணப் பத்திரிகை வந்த மாதிரி, எத்தனை இலை போடணும் என்று பெறுபவருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு அவரே எழுதிய இசட்மோடம், பாதியில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழி செய்தது. சதவீதம், மீதி நேரம் என்றெல்லாம் பயனாளருக்குச் சொல்ல வழி பிறந்தது இப்படித்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் பிறந்த கெர்மிட் என்ற நெறிமுறையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சித் தவளைப் பொம்மையின் பெயர் அது. மற்றவை தடுமாறும் பழுதான லைனிலும் அது போய்ச் சேரும்.

நம் நாட்டில் நடந்தது

1986-ல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. பம்பாய், டில்லி, கான்பூர், கரக்பூர், சென்னை ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், நம் பம்பாய் ஜுஹுவில் இருந்த என்.சி.எஸ்.டி., மின்னணுத் துறை என்று எட்டு இடங்கள். என்.சி.எஸ்.டி.யின் தலைவராக இருந்த சீனிவாசன் ரமணியின் பெயர், இந்தப் பணிக்காகவே 2014-ல் இணையப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது.

தொடக்க காலத்தில் அங்கே அஞ்சலும் கோப்பும் 'யு.யு.சி.பி.' என்ற முறையில் போயின. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1970-களில் எழுதியது. இது வைத்துவிட்டுப் போகும் முறையின் உச்சம். கோப்பை வரிசையில் வைத்துவிட வேண்டும். குறித்த நேரத்தில் கணிப்பொறியே அடுத்த கணிப்பொறிக்கு தொலைபேசி போட்டு, சேர்ந்திருப்பதைத் தள்ளிவிடும். அது அடுத்ததற்குத் தள்ளும். ஊருக்கு ஊர் தபால் பை மாறுவது போல. பட்டை கிடையாது, சதவீதம் கிடையாது. வரிசையில் இன்னும் கிடக்கிறதா, போய்விட்டதா என்று மட்டும் பார்க்கலாம். 'போய்விட்டது' என்றால் அடுத்த ஊருக்குப் போய்விட்டது என்றுதான் பொருள்.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். அந்த மோடம் போடும் 'கீ...கர்ர்' சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. வீட்டில் யாராவது தொலைபேசியை எடுத்துவிட்டால் அத்தனையும் போச்சு.

சதவீதத்துக்கு ஓர் ஆராய்ச்சி

இதற்கு நடுவே, 'சேதி சொன்னால் மனிதருக்கு என்ன லாபம்?' என்று கேட்ட ஒரு மாணவர் இருந்தார். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிராட் மையர்ஸ். 1985-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் 48 மாணவர்களைக் கொண்டு சோதித்தார். தகவல் தேடும் வேலையைப் பட்டையோடும் பட்டை இல்லாமலும் செய்யச் சொன்னார். 86 சதவீதம் பேர் பட்டை இருந்தால் நன்றாயிருக்கிறது என்றார்கள். பட்டை இருந்ததால் வேலை ஒன்றும் வேகமாக முடியவில்லை. ஆனாலும் மனசு அமைதியாக இருந்தது.

ரயில் தாமதம் என்பதைவிட, எவ்வளவு தாமதம் என்று சொல்லாமல் இருப்பதுதானே நமக்குக் கோபம்! தாதர் ஸ்டேஷனில் சென்னை மெயிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் செய்த தவறு

இப்போது என் கதை. 1997-ல் பல கிளைகள் கொண்ட ஒரு நிதி நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தொலைந்துபோன, திருடுபோன டிராப்டுகளின் எண் பட்டியலைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு கிளையும் தினமும் இறக்கிக்கொள்ள வேண்டும். எஸ்.டி.டி. கட்டணம் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை கால் பங்குதான். அதனால் விடியற்காலையில் இறக்குவது என்று ஏற்பாடு.

நான் எழுதிய நிரலில் இரண்டு பகுதிகள். ஒன்று, லைனில் வருவதை வாங்கி வைக்கும். மற்றொன்று, அதை எடுத்து வட்டில் எழுதும். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று நிற்காமல் தனித்தனியே ஓடும். நல்ல வடிவமைப்பு என்று என் மேலதிகாரி கூடப் பாராட்டினார். திரையில் சதவீதம் காட்டும் வேலையை நான் முதல் பகுதியிடம் கொடுத்தேன். வாங்கியவன் சொல்லட்டும் என்று. அங்கேதான் சறுக்கினேன். நினைவகத்துக்கு வந்ததும் எண்ணிக்கை ஏறிவிடும். வட்டில் எழுதுகிறவன் பின்தங்கி இருப்பான். அவன் எழுதிய பிறகும், யூனிக்ஸ் அதை உடனே வட்டில் பதிக்காது. கொஞ்ச நேரம் தன் நினைவகத்தில் வைத்திருந்துதான் மொத்தமாகப் பதிக்கும். ஆக, திரையில் 100 வந்த பிறகும் பட்டியலின் கடைசிப் பகுதி வட்டுக்குப் போகாமல் காத்துக்கொண்டிருக்கும்.

மின்வெட்டு அதிகமான ஒரு சின்ன ஊர்க் கிளை. அங்கிருந்த குமாஸ்தா, யு.பி.எஸ். பாட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக, 100 என்று வந்ததும் கணிப்பொறியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். பல மாதம் ஒன்றும் ஆகவில்லை. பட்டியல் நீளமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் அதன் வால்பகுதி வட்டில் ஏறவில்லை. அந்த வாலில் இருந்த ஒரு டிராப்ட் அன்றைக்கே அந்தக் கிளையில் பணமாகிவிட்டது.

குமாஸ்தாவுக்கு மெமோ கொடுத்தார்கள். பட்டியலை இறக்கவே இல்லை என்று குற்றச்சாட்டு. விசாரணைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். என் நிரலின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, 'இறக்கம் முழுமை, 100 சதவீதம்' என்று இருப்பதைக் காட்டி, மென்பொருளில் பிழை இல்லை என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சாப், சௌ பர்சென்ட் ஆனே கே பாத் ஹி பந்த் கியா." நூறு வந்த பிறகுதானே அணைத்தேன் என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதும் சரி, பதிவேடு சொன்னதும் சரி, பட்டியல் மட்டும் பாதிதான் இருக்கிறது. அப்படியானால் பொய் சொன்னது யார்? மறுநாள் அலுவலகத்தில் நிரலை அச்செடுத்து வரிவரியாகப் பார்த்தேன். பொய் சொன்னது என் நூறு. தபால் நிலைய ரசீதை வைத்துக்கொண்டு, அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "இப்போ இதை ஏன்யா கிளப்புறே?" என்றார் முதலில். எழுத்தில் கொடுத்தேன். மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அந்த ஆண்டு ஊதிய உயர்வு வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. விசாரணை நாளில் நான் சொன்ன அந்த 'பிழை இல்லை' என்ற வார்த்தைதான் இன்றும் உறுத்துகிறது.

பிறகு நிரலை மாற்றினேன். வட்டில் எழுதி, பதித்தாயிற்று என்று இயக்க முறைமையிடம் உறுதி வாங்கி, தலைமை அலுவலகம் அனுப்பிய சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, அதன் பிறகுதான் 100. அதுவரை 99-லேயே நிற்கும். பக்கத்தில் 'வந்துவிட்டது, பதிகிறது, அணைக்க வேண்டாம்' என்று ஒரு வரி. உடனே கிளைகளிலிருந்து புகார் வந்தது: "உங்க புரோகிராம் 99-லேயே தொங்குது சார்!" தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மீதி நேரம் என்னும் ஜோசியம்

வலையுலகம் வந்த பிறகு பட்டை எல்லா வீட்டுக்கும் வந்தது. 1996 மே மாதம் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்தில், கோப்பின் நீளத்தை முன்கூட்டியே சொல்லும் ஒரு தலைப்பு வரி உண்டு. உலாவி அதை வைத்துத்தான் சதவீதம் போடுகிறது. அடுத்த ஆண்டு வந்த 1.1 பதிப்பில், நீளம் சொல்லாமலே துண்டு துண்டாக அனுப்பவும் வழி வைத்தார்கள். அந்த மாதிரி வரும்போது பட்டை நிரம்பாமல் அங்குமிங்கும் ஓடும் அல்லது 'மீதி நேரம் தெரியாது' என்று வரும். நமக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அது நாணயமான பதில். தெரியாததைத் தெரியாது என்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. வழியில் சுருக்கி அனுப்பிய கோப்புக்கு, சுருங்கிய நீளத்தைத்தான் வழங்கி சொல்லும். விரித்த பைட்டுகளை எண்ணிப் பட்டை போட்டால் 100-ஐத் தாண்டி 240 சதவீதம் என்றெல்லாம் காட்டும்!

மீதி நேரம் சொல்வது அதைவிடக் கஷ்டம். உதாரணத்துக்கு, இன்னும் 4,000 கிலோபைட் வர வேண்டும், வேகம் வினாடிக்கு 4 கிலோபைட். மீதி 1,000 வினாடி, ஏறக்குறைய 17 நிமிடம். திடீரென்று ஒரு கணம் வேகம் 1 கிலோபைட்டாகக் குறைந்தால், அந்தக் கணத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடும் நிரல் 67 நிமிடம் என்று அலறும். அடுத்த கணம் மறுபடி 17. இதைத் தவிர்க்க, பழைய கணக்குக்கு எட்டில் ஏழு பங்கும் புதிய வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கும் எடை கொடுக்கலாம். அப்போது வேகம் 3.625 ஆகும், மீதி சுமார் 18 நிமிடம். பதற்றம் இல்லை. இணையத்தில் நெரிசலைச் சமாளிக்க வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும், பதில் வர ஆகும் நேரத்தை மதிப்பிட இதே வகைச் சராசரிதான் வருகிறது.

சேதியை எத்தனை தடவை சொல்வது என்பதும் ஒரு கேள்விதான். ஒரு ஜிகாபைட் கோப்பை 4 கிலோபைட் துண்டுகளாக வாங்கினால் 2,62,144 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் திரையைத் திருத்தினால், கோப்பு இறக்குவதைவிடச் சேதி சொல்வதே பெரிய வேலையாகிவிடும். ஆகவே உலாவிகளுக்கான விதியில், 50 மில்லி வினாடிக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டாம் என்று வைத்தார்கள். வினாடிக்கு 20 தடவை. மனிதக் கண்ணுக்கு அது தாராளம்.

2001-ல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டாரண்ட் இன்னொரு படி மேலே போனது. அதில் கோப்பு வரிசையாக வராது. நடுத்துண்டு ஒருவரிடமிருந்து, வால் இன்னொருவரிடமிருந்து என்று கலந்து வரும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்பே ஒரு சரிபார்ப்புக் குறி உண்டு. துண்டு முழுதாக வந்து, குறி ஒத்துப்போனால்தான் அது கணக்கில் சேரும். ஒத்துப்போகாவிட்டால் வந்ததைத் தூக்கிப்போட்டு மறுபடி கேட்கும். எனக்குப் பிடித்த முறை இது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்!

பட்டை பொய் சொல்லலாமா?

அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஹாரிசனும் அவர் குழுவினரும் 2007-லும் 2010-லும் சுவாரஸ்யமான ஆய்வுகளை வெளியிட்டார்கள். ஒரே நேரம் பிடிக்கும் இரண்டு வேலைகளில், முடிவை நெருங்கும்போது வேகமெடுக்கும் பட்டையைத்தான் மக்கள் 'சீக்கிரம் முடிந்தது' என்று நினைக்கிறார்கள். பட்டைக்குள் பின்னோக்கி ஓடும் அலைக்கோடுகளைச் சேர்த்தால், 11 சதவீதம் குறைவான நேரம் ஆனது போலத் தோன்றுகிறதாம்.

இது தவறா? என் கருத்து இது. பட்டை எப்படி ஓட வேண்டும் என்பதில் கொஞ்சம் கைவேலை செய்யலாம். காத்திருப்பவர் மனசுக்கு ஆறுதல் தருவதில் பாவமில்லை. ஊரிலிருந்து கிளம்பிவிட்டோம் என்று சொல்லிவிட்டு இன்னும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பதை நாம் எல்லாரும் செய்திருக்கிறோம். ஆனால் அந்தக் கடைசி எண்ணில் மட்டும் கை வைக்கக்கூடாது. 37 என்பது மதிப்பீடு. 64 என்பதும் மதிப்பீடு. 100 என்பது வாக்கு. அதை நம்பித்தான் ஒருவர் கணிப்பொறியை அணைக்கிறார், மூலப் பிரதியை அழிக்கிறார், டீ குடிக்கப் போகிறார்.

இன்றைய உலாவிகள் இதில் கவனமாக இருக்கின்றன. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் இறங்கிக்கொண்டிருக்கும் கோப்புக்குத் தற்காலிகமாக வேறு வால்பெயர் வைக்கின்றன. முழுதாக முடிந்த பிறகுதான் அதன் சொந்தப் பெயரைச் சூட்டுகின்றன. பாதி வந்ததை முழுசு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

பணம் அனுப்புவதும் மாறிவிட்டது. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு, ஊரில் இருக்கும் தங்கைக்கு ஒரு நொடியில் அனுப்புகிறேன். சில சமயம் பச்சைக் குறிக்குப் பதில் 'நிலுவையில்' என்று வரும். என் மகன் அலுத்துக்கொள்வான். "விடுடா, தெரியலைங்கிறதைத் தெரியலைன்னு சொல்லுது" என்பேன். பணம் போனாலும் தங்கைக்கு ஒரு போன் போட்டு, "வந்துதாம்மா?" என்று கேட்டுவிடுவேன். "வந்துட்டுது அண்ணே, மெசேஜ் வந்துட்டுது" என்பாள். அப்புறம்தான் எனக்கு நூறு.

நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கிழவனின் வேண்டுகோள் ஒன்றுதான். திரையில் 'முடிந்தது' என்று எழுதும் வரியை அடிக்கும்போது ஒரு கணம் நிறுத்துங்கள். யார் எண்ணிக்கையை வைத்து இதைச் சொல்கிறோம், அனுப்பியவன் எண்ணிக்கையா, பெற்றவன் எண்ணிக்கையா என்று உங்களையே கேளுங்கள். தவறு நடந்து, யாரோ ஒரு குமாஸ்தா உங்கள் முன்னால் வந்து நின்றால், பதிவேட்டைக் காட்டுவதற்கு முன் நிரலைப் படித்துப் பாருங்கள்.

அப்பா கையெழுத்திட்ட ஒப்புதல் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தேன். அறை மாறி, வீடு மாறி, பல தொலைந்தன. பத்துப் பதினைந்து இன்னும் இருக்கின்றன. கடைசிச் சீட்டில் கை நடுங்கியிருப்பது தெரிகிறது. ஆனாலும் முழுப் பெயரையும் எழுதித்தான் முடித்திருக்கிறார்.